நம்ம கரிசக்காட்டு டீம் எப்போ ஆடுது?

2025 டிசம்பர் 5-ஆம் தேதி ராத்திரி வாஷிங்டனில் உலகக் கோப்பைக் கால்பந்துக்கான குலுக்கல் நடந்தது. அதற்கடுத்த சில நாட்களில் ஒரு காலை, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டை ஒட்டிய டீக்கடையில் அதுதான் பேச்சு. அர்ஜென்டினாவுக்கு அல்ஜீரியா, ஆஸ்திரியா, ஜோர்டான். "மெஸ்ஸிக்கு இதெல்லாம் ஜுஜுபி குரூப்புண்ணே" என்றான் ஒரு தம்பி. பக்கத்தில் நின்ற பிரேசில் ரசிகருக்கு முகம் அவ்வளவு தெளிச்சலாக இல்லை. அவர்கள் குழுவில் மொராக்கோ இருக்கிறது. 2022-இல் அரையிறுதி வரை வந்த அணி. ஜூன் 16 கான்சாஸ் சிட்டி, 22-உம் 27-உம் டல்லாஸ் என்று அர்ஜென்டினாவின் தேதிகளும் ஊர்களும் அந்தத் தம்பிக்கு மனப்பாடம். ஆறு மாதம் கழித்து நடக்கப்போகிற ஆட்டத்துக்கு, டீ ஆறுவதற்குள் பிளேயிங் லெவனே போட்டுவிட்டான்.

"சரி, சேது எஃப்.சி. மேட்ச் எப்போ தம்பி?" என்று கேட்டேன்.

"அது எதுண்ணே, கேரளா டீமா?"

கேரளா இல்லை. காரியாபட்டி. அவன் நின்றுகொண்டிருந்த இடத்திலிருந்து அரை மணி நேர பஸ் பயணம். 2019-இல் இந்திய மகளிர் லீக் பட்டத்தை வென்ற அணி. தமிழ்நாட்டுக்கு அந்தப் பட்டத்தைக் கொண்டுவந்த ஒரே அணி. டிசம்பர் 20-ஆம் தேதி தொடங்கும் புதிய சீசனில் ஆடும் எட்டு அணிகளில் ஒன்று.

தம்பியைக் குறை சொல்ல மாட்டேன். அர்ஜென்டினா ஆட்டத்தைக் கணிக்க அவனுக்கு ஆயிரம் வழி இருக்கிறது. தமிழிலேயே யூடியூபில் அலசித் தள்ளுகிறார்கள். யாருக்குத் தொடையில் பிடிப்பு, யார் பயிற்சிக்கு வரவில்லை, கோச் எந்த ஃபார்மேஷன் பிடிப்பார் என்று மணிக்கு ஒரு செய்தி. நம் தாலுகா அணி ஆடும் ஆட்டத்துக்கு முன்னோட்டம் எழுத ஆள் கிடையாது. அதனால்தான் இந்தக் கட்டுரை. ஒரு ரசிகனாக, கையில் இருக்கிற தகவலை வைத்து, சேதுவுக்கு முன்னால் நிற்கும் ஆட்டங்களை அலசிப் பார்த்துவிடலாம்.

முதலில் அணி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். திருச்சுழி என்றால் வெளியூர்க்காரர்களுக்கு ரமணர் பிறந்த ஊர். நமக்கு அது கண்மாயும் கருவேலமும் மல்லியும் மிளகாயும் போட்ட மானாவாரிக் காடு. காரியாபட்டி திருச்சுழி சட்டமன்றத் தொகுதிக்குள் வருகிறது. அந்தத் தாலுகாவில் புல்லூரில் இருக்கிற சேது பொறியியல் கல்லூரிதான் அணியின் தாய்வீடு. கல்லூரியை நடத்தும் குடும்பத்தைச் சேர்ந்த சீனி மொகைதீன் 2016-இல் இந்த அணியைத் தொடங்கினார். பத்திரிகைகளில் 'மதுரை அணி' என்று போடுவார்கள். போடட்டும். வருவாய்த் துறை ஆவணப்படி அது விருதுநகர் மாவட்டம். விட்டுக்கொடுக்க எனக்கு மனசு வராது.

இந்த மண்ணில் கால்பந்து வளர்ந்ததே ஆச்சரியம். இங்கே மைதானம் என்பது பெரும்பாலும் வற்றிய கண்மாய்தான். மாசி, பங்குனியில் தண்ணீர் இறங்கி, சித்திரையில் தரை காய்ந்து பாளம் பாளமாக வெடித்த பிறகுதான் பிள்ளைகள் ஸ்டம்பு நடுவார்கள், வாலிபால் நெட் கட்டுவார்கள். கபடிக்குக் களம் தனி. கால்பந்துக்குக் கடைசி இடம்தான். காரணம் இல்லாமல் இல்லை. வெடித்த கரிசலில் பந்து நேராக உருளாது. ஒரு வெடிப்பில் குதித்து முழங்காலுக்கு வரும், அடுத்த வெடிப்பில் சிக்கி நின்றேவிடும். ஓரத்துக்குப் போனால் சீமைக் கருவேல முள். பந்தை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்கு ஓடி, பிளாடரை வெளியே உருவி, தண்ணீரில் அமுக்கி, முட்டை விடும் இடத்தைப் பார்த்து பஞ்சர் ஒட்டி, வால்வு வழியாகக் காற்றடித்துத் திரும்பி வரும்போது பொழுது சாய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்குப் பிறகு அந்தக் களமும் தண்ணீருக்குள் போய்விடும். இந்திய மகளிர் லீக் தொடங்குகிற மார்கழியில் நம்மூரில் பந்து உருள ஓர் இடம் தேடவேண்டும்.

புல்லூர்க் கல்லூரி வளாகம் அந்தக் குறையைத் தீர்த்தது. தங்க இடம், சாப்பாடு, பயிற்சி, படிக்க விரும்பினால் படிப்பு. மணிப்பூரிலிருந்தும் கடலூரிலிருந்தும் பெண்கள் இந்த வெயிலுக்கு வந்து ஆட இதுதான் வழி செய்தது. கடலூர்ப் பக்கம் சொல்ல வேண்டும். அந்த மாவட்டம் தமிழ்நாட்டு மகளிர் கால்பந்தின் நாற்றங்கால். இந்துமதி கதிரேசன், சந்தியா ரங்கநாதன் என்று இந்திய அணிக்கு ஆடியவர்கள் அங்கிருந்து கிளம்பி, சேதுவின் சட்டையையும் போட்டவர்கள். 2018 பிப்ரவரியில் கட்டக்கில் மணிப்பூரை 2-1 என வென்று தமிழ்நாடு முதல்முறையாகத் தேசிய சாம்பியன் ஆனது. 2023 ஜூனில் அமிர்தசரசில் ஹரியானாவை அதே 2-1 கணக்கில் வென்று மறுபடியும் பட்டம். மகளிர் கால்பந்தில் மணிப்பூர் எத்தனை பெரிய மலை என்று தெரிந்தவர்களுக்கு இதன் மதிப்பு புரியும்.

மலையைக் கிளப் மட்டத்திலும் சேது தாண்டியிருக்கிறது. 2019 மே 22, லூதியானா குருநானக் மைதானம். இறுதி ஆட்டத்தில் மணிப்பூர் போலீஸ் அணியை 3-1 என வீழ்த்தினார்கள். நேபாளத்தின் சபித்ரா பண்டாரி அப்போது சேதுவின் முன்கள வீராங்கனை. பிற்பாடு பிரான்சில் கிங்காம் அணிக்கு ஆடியவர். நேபாளத்தின் எல்லாக் காலத்துக்குமான கோல் ராணி ஒரு சீசன் நம்ம காரியாபட்டி அணிக்காக ஆடினார் என்பது இந்தப் பக்கத்தில் எத்தனை பேருக்குத் தெரியும்? சேதுவின் துரதிர்ஷ்டம், மறுநாள் மே 23. நாடாளுமன்றத் தேர்தல் வாக்கு எண்ணிக்கை. எந்தத் தொகுதியில் யார் முன்னிலை என்று ஊரே டிவி முன்னால் உட்கார்ந்திருந்தது. கோப்பையைப் பற்றிப் பேச யாருக்கு நேரம்?

இனி, வரப்போகும் ஆட்டங்கள்.

இந்த சீசனில் சேதுவுடன் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளா, ஸ்ரீபூமி, கிக்ஸ்டார்ட், நீதா, கார்வால் யுனைடெட், சேசா என மொத்தம் எட்டு அணிகள். ஒவ்வொருவரோடும் இரண்டு முறை. ஆளுக்குப் பதினான்கு ஆட்டம். முதல் சுற்று ஏழு ஆட்டங்களும் மேற்கு வங்கத்தில், நெருக்கி அடித்து நடக்கின்றன. மார்ச்சில் ஆஸ்திரேலியாவில் ஆசியக் கோப்பை இருப்பதால் இடையில் இந்திய அணிக்கு வீராங்கனைகளை விட்டுக்கொடுக்க வேண்டும். ஆக, முதல் சுற்றில் வாங்கும் புள்ளிதான் ஆண்டின் தலையெழுத்தைப் பாதி எழுதிவிடும் என்பது என் கணக்கு.

ஆட்டம் ஆட்டமாக அலசுவதற்கு முன் ஒன்று. இந்த லீகில் ஓர் அணியை எடைபோடும்போது நான் முதலில் பார்ப்பது பெரிய அணிகளோடு ஆடிய கணக்கை அல்ல. கடைசி இடத்தில் கிடக்கும் அணியை எத்தனை கோல் வித்தியாசத்தில் அடித்தார்கள் என்பதைத்தான். மகளிர் லீகில் மேலே இருப்பவர்களுக்கும் கீழே இருப்பவர்களுக்கும் இடைவெளி பெரிது. ஐந்து, ஆறு என்று கோல் விழும் ஆட்டங்கள் உண்டு. அங்கே ஒன்றிரண்டோடு நிறுத்திக்கொண்ட அணி, கடைசி வாரத்தில் கோல் வித்தியாசத்தில் கையைப் பிசையும்.

அதற்குச் சாட்சி 2022 மே 26. இந்திய மகளிர் லீக் வரலாற்றில் இதைவிடப் பெரிய மோதல் இன்றுவரை எனக்குத் தெரிந்து இல்லை. புவனேஸ்வர் கலிங்கா மைதானம். பன்னிரண்டு அணிகள் ஒருமுறை மோதிக்கொள்ளும் சீசனில், கடைசி நாள், கடைசி ஆட்டம். சேது பத்துக்குப் பத்து வெற்றி, 30 புள்ளி. எதிரே கோகுலம், அதுவும் பத்துக்குப் பத்து, 30 புள்ளி. கோல் வித்தியாசத்தில் கோகுலம் முன்னால். அவர்களுக்கு டிரா போதும். சேது ஜெயித்தே ஆகவேண்டும். கதை எழுதுகிறவன் இப்படி எழுதினால் நம்ப மாட்டோம்.

ஆட்டம் தொடங்கிய சூட்டிலேயே ரேணு கோல் அடித்துவிட்டார். சேது 1-0. அந்த நிமிஷத்தில் கோப்பை காரியாபட்டிக்குத்தான். அந்த நிமிஷம் நீடிக்கவில்லை. பெனால்டியில் ஆஷாலதா தேவி சமன் செய்தார். கானாவின் எல்ஷடாய் அச்சியம்போங் ஒன்று, மனிஷா கல்யாண் ஒன்று. 3-1. இன்றைக்கு அந்த ஆட்டத்தைத் திரும்பப் பார்த்தாலும் முதல் கோலுக்குப் பிறகு சேதுவின் தற்காப்பு ஏன் அவ்வளவு ஆழமாகப் பின்வாங்கியது என்று எனக்கு ஆற்றாமைதான். ஜெயித்தே ஆகவேண்டிய அணி, முன்னிலை கிடைத்ததும் டிரா போதும் என்கிற அணியைப் போல ஆடியது.

அன்றைக்கு இரண்டு பக்கமும் கோச்சாக நின்றவர்களைப் பாருங்கள். கோகுலம் பக்கம் ஆன்டனி ஆண்ட்ரூஸ். சேது பக்கம் கிறிஸ்பின் சேத்ரி. ஆண்ட்ரூஸ் அடுத்த ஆண்டும் கோகுலத்துக்குக் கோப்பை வாங்கிக் கொடுத்துவிட்டு, பிறகு ஈஸ்ட் பெங்காலுக்குப் போய் 2024-25 பட்டத்தையும் அள்ளினார். சேத்ரி ஒடிசாவுக்குப் போய் 2023-24-இல் சாம்பியன் ஆனார். அப்புறம் இந்திய அணி. 2025 ஜூலை 5-ஆம் தேதி தாய்லாந்தை அவர்கள் மண்ணிலேயே 2-1 என வென்று, தகுதிச் சுற்று வழியாக முதல்முறை ஆசியக் கோப்பைக்கு இந்தியப் பெண்கள் போனார்கள். சங்கீதா பாஸ்போர் இரண்டு கோல். அந்த அணியின் கோச் சேத்ரிதான். சேதுவின் பெஞ்சில் உட்கார்ந்து தோற்றவர் நாட்டையே கரை சேர்த்தார் என்பதில் ஒரு காரியாபட்டி ரசிகனுக்குக் கொஞ்சம் பெருமை இருக்கத்தானே செய்யும்.

அதனால் இந்த சீசனின் ஈஸ்ட் பெங்கால் மோதலை நான் பழைய பகையின் தொடர்ச்சியாகத்தான் பார்க்கிறேன். ஆண்ட்ரூஸ் மறுபடியும் எதிர் பெஞ்சில். இந்த முறை அவரிடம் ஆயுதம் இன்னும் கூர்மை. கடந்த சீசனில் கோகுலத்துக்காக 24 கோல் அடித்து முதலிடம் பிடித்த உகாண்டாவின் ஃபசிலா இக்வாபுட் இப்போது ஈஸ்ட் பெங்காலில். நவம்பரில் சீனாவின் வூஹானில் நடந்த ஆசிய சாம்பியன்ஸ் லீகில் ஈரானின் பாம் காதூன் அணியை 3-1 என வென்றுவிட்டு வந்திருக்கிறார்கள். இதை எழுதும்போது காத்மாண்டுவில் தெற்காசிய கிளப் கோப்பை ஆடிக்கொண்டிருக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியில்தான் சேதுவுக்கு ஒரு சந்து இருக்கிறது. காத்மாண்டுவிலிருந்து இறங்கிய கையோடு லீக் ஆட்டம். கால்கள் கனக்கும். ஈஸ்ட் பெங்காலை எவ்வளவு சீக்கிரம் சந்திக்கிறோமோ அவ்வளவு நல்லது. முதல் இருபது நிமிஷம் தாக்குப்பிடித்து, நடுக்களத்தில் ஆள் நெருக்கி, ஃபசிலாவுக்குப் பின்னாலிருந்து வரும் நீண்ட பந்தை ஸ்டாப்பர் துண்டித்துக்கொண்டே இருந்தால் டிரா எடுக்கலாம். ஜெயிப்போம் என்று சொல்ல என் கை கூசுகிறது. அவர்களுக்குச் சொந்த மாநிலம், சொந்தக் கூட்டம்; நடப்பு சாம்பியன் வேறு. என் கணிப்பு, கஷ்டப்பட்டு ஒரு டிரா அல்லது ஒரு கோலில் தோல்வி.

கோகுலம் ஆட்டம் வேறு. கோழிக்கோட்டு அணி, 2019-20, 2021-22, 2022-23 என்று மூன்று பட்டம். கடந்த சீசனில் இரண்டாம் இடம். 2022 ஆகஸ்டில் ஆசிய கிளப் போட்டிக்காகத் தாஷ்கண்ட் வரை போய், ஃபிஃபா இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தைத் தடைசெய்ததால் ஒரு பந்துகூட உதைக்காமல் திரும்பிய பாவப்பட்ட கதையும் அவர்களுக்கு உண்டு. இந்த முறை ஃபசிலா இல்லாத கோகுலம். 24 கோல் அடித்த காலை ஒரே கோடையில் ஈடுகட்டுவது லேசுப்பட்ட காரியமா? சேது ரசிகர்கள் இந்த ஆட்டத்தைத்தான் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைக்க வேண்டும். மூன்று புள்ளி எடுக்கக்கூடிய பெரிய ஆட்டம் இது ஒன்றுதான். கார்னர், ஃப்ரீ கிக் என்று நின்ற பந்தில் கோகுலம் எப்போதும் ஆபத்து. அதை மட்டும் கவனித்தால் 2-1 நமக்கு.

ஸ்ரீபூமியைச் சாதாரணமாக எடைபோடக் கூடாது. கொல்கத்தாவின் இன்னோர் அணி. கடந்த சீசனில் மூன்றாவதாக வந்தவர்கள். ஈஸ்ட் பெங்கால் ஆட்டத்துக்குக் கூட்டம், கேமரா, கூச்சல் எல்லாம் இருக்கும். வீராங்கனைகள் தானாக விழித்துக்கொள்வார்கள். அப்படிப்பட்ட ஆட்டம் முடிந்து இரண்டு மூன்று நாளில் வரும் அடுத்த ஆட்டத்தில்தான் அணிகள் வழுக்கி விழும். மார்கழிப் பனியில் வங்காளத்துப் புல் ஈரம் பிடித்திருக்கும், பந்து சறுக்கிக்கொண்டு ஓடும். கரிசல் வெயிலில் பயிற்சி எடுத்த கோல்கீப்பருக்கு முதல் இரண்டு ஆட்டம் கை பழக வேண்டும். தரையோடு வரும் ஷாட்டுக்கு உடம்பைப் பின்னால் போட்டுப் பிடிக்கிறாரா, கையை மட்டும் நீட்டுகிறாரா என்று பாருங்கள். கையை மட்டும் நீட்டினால் அன்றைக்கு நமக்கு நெஞ்சுவலி நிச்சயம்.

பெங்களூரு கிக்ஸ்டார்ட் 2022-23-இல் இறுதி ஆட்டம் வரை வந்து கோகுலத்திடம் 0-5 எனச் சிதறியது. அதற்குப் பிறகும் தளராமல் ஒவ்வொரு சீசனும் நடுவரிசையில் தொந்தரவு கொடுக்கும் அணி. டிரா என்று எழுதிக்கொள்கிறேன். கட்டக்கின் நீதா அணியைத் தோற்கடித்தே ஆக வேண்டும். டெல்லி கார்வால், கோவாவின் சேசா இரண்டும் கீழ் டிவிஷனிலிருந்து இந்த ஆண்டு மேலே வந்தவை. முன்னர் சொன்னேனே, கோல் வித்தியாசம். அதைச் சேர்க்க வேண்டிய இடம் இந்த இரண்டு ஆட்டம்தான். 1-0 என்று ஜெயித்துவிட்டுக் கைகுலுக்கினால் எனக்குத் திருப்தி வராது.

புதிய அணிதானே என்று மெத்தனமும் கூடாது; இங்கே யார் எப்போது மேலே போவார், கீழே இறங்குவார் என்று சொல்ல முடியாது. ஒடிசாவைப் பாருங்கள். 2023-24 சாம்பியன். உள்ளூர்–வெளியூர் முறையில் நடந்த முதல் சீசனின் கோப்பை அவர்கள் கையில். அடுத்த சீசனில் ஈஸ்ட் பெங்கால் அவர்களை 1-0 என வென்றுதான் பட்டத்தை உறுதிசெய்தது; சௌம்யா குகுலோத் கோல். இந்த சீசனின் எட்டு அணிப் பட்டியலில் ஒடிசாவின் பெயரே இல்லை. இந்த லீகில் ஏணியும் பாம்பும் பக்கத்துப் பக்கத்துக் கட்டத்தில் இருக்கின்றன.

இவ்வளவும் சொல்லிவிட்டேன். ஆனால் ஒரு கணிப்பாளன் சொல்ல வேண்டிய முக்கியமான ஒன்றைச் சொல்லவில்லை, கவனித்தீர்களா? சேதுவின் பதினொரு பேர் யார் யார் என்று. ஐரோப்பிய அணிக்கு ஆட்டத்துக்கு மூன்று நாள் முன்பே சொல்லிவிடலாம். இங்கே ஆட்டம் தொடங்கும் நேரத்தில் அணியின் சமூக வலைத்தளப் பக்கத்தில் ஒரு படம் வரும். பதினொரு பெயர், பதினொரு எண். அதுதான் முன்னோட்டம். பயிற்சியில் யார் நொண்டினார் என்று எழுத நிருபர் கிடையாது. சீசனுக்குச் சீசன் வீராங்கனைகள் மாறுகிறார்கள். போன வருஷம் நம் கோலைக் காத்தவர் இந்த வருஷம் நமக்கு எதிராக நிற்பார். நீண்ட ஒப்பந்தம் போட அணிகளிடம் பணம் இல்லை. இந்தியச் சம்மேளனம் 2023-இல்தான் குறைந்தபட்சச் சம்பளம் என்று ஒன்றை அறிவித்தது, ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாய், ஓர் அணியில் குறைந்தது பத்து இந்திய வீராங்கனைகளுக்கு. மாதத்துக்கு இருபத்தாறாயிரத்துச் சொச்சம். இந்தியாவின் முதல் டிவிஷன் கால்பந்து வீராங்கனைக்கு, அதுவும் காயம் பட்டால் அடுத்த சீசன் உண்டா என்று தெரியாத தொழிலில்.

ஆண்கள் பக்கம் மட்டும் என்ன வாழ்கிறது? கணிப்பதற்கு ஆட்டமே இல்லை. சம்மேளனத்துக்கும் வணிகக் கூட்டாளிக்கும் இடையிலான ஒப்பந்தம் இழுபறியானதில் 2025 ஜூலையிலேயே ஆண்கள் லீகான ஐ.எஸ்.எல். நிறுத்திவைக்கப்பட்டது. புதிய உரிமைக்கு டெண்டர் விட்டார்கள். ஒரு ஏலம்கூட வரவில்லை. 2015-இலும் 2018-இலும் கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. ரசிகர்கள் டிசம்பர் வந்தும் ஃபிக்ஸ்சர் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். கோடிக்கணக்கில் புரளும் லீக் கதவைச் சாத்திக்கொண்டிருக்கும்போது, இருபத்தாறாயிரம் ரூபாய்ச் சம்பளக்காரிகளின் லீக் தேதி குறித்துத் தொடங்குகிறது. இந்த வேடிக்கையை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

பார்க்கிற வழியைச் சொல்கிறேன். கடந்த சீசன்களில் ஆட்டங்கள் இந்தியக் கால்பந்துச் சம்மேளனத்தின் யூடியூப் சேனலில் இலவசமாக வந்தன. பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். நடுக்கோட்டுக்கு நேரே மேடையில் ஒரு கேமரா. பந்து போகும் பக்கம் அது தலையைத் திருப்பும். எதிர்ப்பக்க டச்லைனுக்குப் பந்து போனால் சட்டை எண் தெரியாது, ஓடுகிற ஓட்டத்தை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். தோளை முன்னால் சாய்த்துக் குறுக்கடி வைத்து ஓடுகிறவர் ரைட் விங், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு மெல்ல நடந்து கடைசி நொடியில் பாய்கிறவர் ஸ்டாப்பர். ஒன்றிரண்டு ஆட்டம் பார்த்தால் பழகிவிடும். கோல் விழுந்தால் ரீப்ளே சில சமயம் வரும், சில சமயம் வராது. அதனால் போனைக் கீழே வைத்துவிட்டுக் காப்பி ஆற்றப் போகாதீர்கள்.

எங்கள் ஊரில் தறி ஓட்டும் ஒரு நண்பர் இப்படித்தான் பார்ப்பார். நாடா ஓடும் சத்தத்தில் கமென்ட்ரி ஒரு சொல் காதில் விழாது. போனைப் பாவுக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்துக்கொண்டு, இழை அறுந்தால் தறியை நிறுத்தி முடிச்சுப் போடும்போது மட்டும் ஸ்கோரை எட்டிப் பார்ப்பார். "மாப்ள, சத்தம் இல்லாம பாத்தாத்தான்டா யாரு பந்து இல்லாதப்ப எங்க நிக்கிறான்னு தெரியும்" என்பார். கோச்சுகளும் இதையேதான் வேறு வார்த்தையில் சொல்கிறார்கள். பந்தைப் பார்க்காதே, பந்து இல்லாத பத்துப் பேரைப் பார்.

சேதுவிடம் எனக்கு ஒரு மனக்குறை உண்டு, சொல்லிவிடுகிறேன். கோப்பை வென்று ஆறு வருஷம் ஆகிறது. திருச்சுழியிலோ நரிக்குடியிலோ பந்தல்குடியிலோ எட்டாம் வகுப்புப் படிக்கும் ஒரு பிள்ளைக்கு இப்படி ஓர் அணி இருப்பது தெரியவில்லை என்றால், தப்பு பிள்ளையுடையது அல்ல. சீசனுக்கு முன் நான்கு அரசுப் பள்ளிகளுக்கு வீராங்கனைகளைக் கூட்டிக்கொண்டு போங்கள். அருப்புக்கோட்டையில் ஒரு நட்பு ஆட்டம் வையுங்கள், டிக்கெட் வேண்டாம். ஃபிக்ஸ்சரைத் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து காரியாபட்டி, கல்குறிச்சி, அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுகளில் ஒட்டுங்கள். மணிப்பூரில் பெண்கள் ஆட்டத்துக்கு ஊரே திரள்வது சும்மா வந்ததல்ல. அவர்கள் தெருவிலேயே அந்த வீராங்கனைகள் நடமாடுகிறார்கள்.

இனி என் இறுதிக் கணிப்பு. ஈஸ்ட் பெங்கால் பட்டத்தைத் தக்கவைக்கும். கோகுலமா, சேதுவா என்பதில்தான் இரண்டாம் இடம். முதல் சுற்றில் கோகுலத்தைச் சேது ஜெயித்தால் நாம், இல்லையென்றால் அவர்கள். ஸ்ரீபூமி நான்கு. காரியாபட்டிக்காரர்கள் இதைப் படித்துவிட்டு, சேதுவை ஏன் முதலிடத்தில் போடவில்லை என்று சண்டைக்கு வந்தால் சந்தோஷம். அப்படி ஒரு கடிதமாவது ஆசிரியருக்கு வரட்டும். டிசம்பர் 20-க்குப் பிறகு உங்கள் போனில் இந்திய மகளிர் லீக் என்று ஒருமுறை தேடிப் பாருங்கள். சேது ஆடும் நாளில் தொண்ணூறு நிமிஷம் ஒதுக்குங்கள்.